சாவிக்கொத்தும் அறிதுயிலும்

நாற்பது ஆண்டுகளாகப் பக்தி நூல்களுக்கு மெய்ப்புத் திருத்தி வருகிறேன். அடியார்கள் ஐம்புலன்களை அடக்கிய வரலாறுகளை எழுத்து எழுத்தாகப் படித்தவன். அவற்றுள் நான்கு புலன்களைப் பொறுத்தவரை எனக்கும் ஓரளவு வெற்றி உண்டு. ஐந்தாவதான நாக்கு மட்டும் வறுத்த முந்திரியையும் வெண்ணெய் பிஸ்கட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு தனி அரசு நடத்தி வந்தது.

அந்த அரசின் மொத்த எடை தொண்ணூற்றேழு கிலோ.

மூட்டு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, என் மனைவியைப் பார்த்துப் பேசினார். என் உடலைப் பற்றி என்னிடம் பேசிப் பயனில்லை என்பதை மருத்துவர்கள் விரைவில் கண்டுகொள்கிறார்கள்.

"மூணு மாசம் டைம் தர்றேம்மா. பத்து கிலோ குறையணும். இல்லேன்னா ரெண்டு முட்டியையும் அறுத்து மாத்த வேண்டியதுதான்."

பழம் நறுக்கும் கத்தியைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போகிறவன் நான். அன்றே உண்ணா நோன்பு பூண்டேன். மாலை நான்கு மணி வரை அதில் உறுதியாக நின்றேன்.

ஐந்து மணிக்குத் தின்பண்ட டப்பாக்கள் யாவும் இரும்பு பீரோவுக்குள் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே குடியேறின. சாவி என் மனைவியின் இடுப்புக்குப் போனது. ஒன்பது சாவிகள் கோத்த கொத்து அது. அவள் நடந்தால் வீடு முழுவதும் கேட்கும்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்திலாவது ஆறுதல் கிடைக்குமா என்றால், அங்கே பைண்டராக இருப்பவர் என் மனைவியின் தம்பி. பத்து மணிக்கு நான் மேசை இழுப்பறையைத் திறந்தால் பத்தேகாலுக்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடும். இத்தனை காவலுக்குப் பிறகும் அந்த வாரம் என் எடை அரைக் கிலோ கூடியது. அச்சகத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பேக்கரி இருந்தது.

"என்னங்க, உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பிரயோஜனமில்ல" என்றாள் மனைவி. "மனசுக்குப் போட ஒருத்தர் இருக்காராம்."

"யாரு, சாமியாரா?"

"டாக்டரு. ஹிப்னாடிசம். கண்ண மூடி உக்காந்தா, அவரு சொல்றது உள்ள போயி ஒட்டிக்குமாம்."

"உள்ள ஏது இடம்?"

"அது பாத்தாலே தெரியுது. கெளம்புங்க."

'அறிதுயில் சிகிச்சை நிலையம்' என்றது பலகை. துயின்றும் துயிலாத அந்த நிலை பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்கே உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன். இரண்டாம் மாடியில், பல் மருத்துவருக்கு எதிர் அறையில், மூட்டு வலிக்காரர்களுக்கும் அதை வழங்குகிறார்கள் என்பது புதுச் செய்தி.

படியேறி மூச்சு வாங்க நின்றபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. வசியப்பட்டவனுக்குக் காவல் எதற்கு? வசியமானவன்போல் நடித்துவிட்டால் போதும்; பீரோ தானே திறக்கும்.

மருத்துவர் ஒல்லியானவர். என்னைச் சாய்வு நாற்காலியில் கிடத்தினார்.

"மெதுவா மூச்சு விடுங்க. இமை கனக்குது... கை தளருது... இனிமே பிஸ்கட்டு, முந்திரி, கேக்கு, எதை வாயில வச்சாலும் துணி சோப்பு மாதிரி இருக்கும்." பிறகு என் மனைவியிடம், "வீட்ல அடிக்கடி கேக்கற சத்தம் எதும்மா?" என்றார்.

"இதுதான் டாக்டர்." கொத்து குலுங்கியது.

"இந்தச் சத்தம் கேட்டா, கையில இருக்கறதக் கீழ வச்சிட்டு, சொன்ன வேலையச் செய்வீங்க."

தன்னை இழந்தோர் எப்படித் தோன்றுவர் என்பதை நாற்பது ஆண்டுகள் அச்சுப்பிழையின்றிப் படித்தவனுக்கு நடிப்பு ஒரு பொருட்டா? கண்ணீர் தாரையாகப் பெருக வேண்டும். உடல் நடுங்க வேண்டும். நா குழற வேண்டும். இரு கைகளும் தலைக்கு மேல் குவிய வேண்டும். நான் ஒன்றையும் விடவில்லை. நாற்காலியின் ஒரு திருகாணி கழன்று விழும் ஓசை கேட்டது.

மருத்துவரின் பேனா தாளில் ஓடும் ஓசையும் கேட்டது. வியந்து குறித்துக்கொள்கிறார் என்று கொண்டேன். பிறகு என் மனைவியை வெளியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இத்தனை ஆழத்துக்குப் போனவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கொண்டேன்.

வீடு திரும்பியதும் பீரோ திறந்தது. டப்பாக்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக எழுந்தருளின. என் கண் நிறைந்தது, இம்முறை நடிப்பில்லை.

"இந்தாங்க, ஒரு பிஸ்கட்டு தின்னுங்க."

கடித்தேன். அத்தனை சுவையான பிஸ்கட்டை நான் அதற்குமுன் தின்றதில்லை. மனமின்றித் துப்பினேன்.

"சீ! சோப்பு!"

"எந்தச் சோப்பு?"

"துணி சோப்பு."

"அய்யோ பாவம்" என்று சொல்லி, அவள் நாலு பிஸ்கட்டை நிதானமாகத் தின்றாள்.

மறுநாள் காலை அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். முந்திரி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். வாயருகே கொண்டுபோகையில் படியில் சாவி குலுங்கியது.

"கையில என்னங்க முந்திரி?"

"சோப்புன்னு நெனச்சுட்டேம்மா. கை கழுவலாம்னு..."

"கழுவுங்க. அப்படியே தொட்டியில கெடக்கற பாத்திரத்தையும் கழுவிடுங்க." கொத்து மறுபடி குலுங்கியது.

வசியப்பட்டவன் மறுக்கலாகாது. கழுவினேன்.

அதன்பின் என் வாழ்வைச் சாவியோசை நடத்தியது. ஒரு குலுங்கலுக்கு மின்விசிறி துடைத்தேன். மறு குலுங்கலுக்குப் பரணில் ஏறினேன். காய்கறிக் கடைக்கு நடந்து போய் வந்தால், கொத்தமல்லியை மறந்துவிட்டீர்கள் என்று இன்னொரு குலுங்கல். கொத்தமல்லியை நான் மறக்கவில்லை. முதல் முறை அவள் சொல்லவே இல்லை. ஆனால் வசியப்பட்டவனுக்கு நினைவாற்றல் எங்கிருந்து வரும்?

அச்சகத்தில் ஒருநாள், என் மேசைக்குப் பின்னால் அதே ஓசை கேட்டுத் திடுக்கிட்டேன். மைத்துனர் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா டூப்ளிகேட் போட்டுக் குடுத்துச்சு மாமா. சும்மா ஆட்டிப் பாத்தேன். அந்தக் காகிதக் கட்ட மாடிக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?"

"டாக்டர் உங்கக்காவோட சாவின்னுதானப்பா சொன்னாரு?"

"இதும் அக்கா சாவிதான். வேல செய்யுதான்னு பாக்கறேன். செய்யலைன்னா டாக்டர்கிட்ட சொல்லணுமாம்."

வேலை செய்தது. பதினோரு கட்டுகள். மாலையில் அவரும் என்னோடு நடந்தே வந்தார். பேக்கரி வாசலைக் கடக்கும்போது மட்டும் அவருக்குச் சட்டைப்பையில் எதையோ தேட வேண்டியிருந்தது; சாவி குலுங்கியது.

மூன்று மாதம் கழிந்தது. எடைக்கருவி எண்பத்தைந்து காட்டியது. மூட்டு மருத்துவர் என் மனைவியின் கையைக் குலுக்கிப் பாராட்டினார். என் முட்டிகள் எனக்கே என்று முடிவாயிற்று.

மகிழ வேண்டிய நான் மகிழவில்லை. கட்டியவளை மூன்று மாதம் ஏமாற்றியிருக்கிறேன். பொய்யாமை பற்றிய அதிகாரம் ஒன்று மெய்ப்புக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன். அறிதுயில் மருத்துவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவதென்று போனேன். இரண்டு மாடியை ஒரே மூச்சில் ஏறினேன்.

"டாக்டர், நான் ஒரு நிமிஷங்கூட வசியமாகல. எல்லாம் நடிப்பு."

அவர் என் சிகிச்சைக் குறிப்பேட்டை எடுத்து என்முன் திருப்பி வைத்தார். நான் முதன்முதலில் வந்த நாளின் தேதி இட்டிருந்தது. 'நோயாளி துயிலவில்லை. நடிக்கிறார். மனைவியிடம் தெரிவித்தேன். "நடிக்கட்டும் டாக்டர், எனக்கு அது போதும்" என்றார்.'

பழக்க தோஷத்தால் இருமுறை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அய்யா, இங்க வர்றவங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி சும்மா சாஞ்சிருப்பாங்க. அழுது, நடுங்கி, கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டவர் நீங்க ஒருத்தர்தான். நாற்காலிய இன்னும் சரி பண்ண முடியல."

வீட்டுக்கு வந்தேன். அவள் மேசையருகே அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுதான் என்னைப் பரண்ல ஏத்தினியா?"

"ஓ, டாக்டர் சொல்லிட்டாரா?" கத்தி நிற்கவில்லை. "நீங்க நடிச்சீங்க, சரி. அது தெரியாத மாதிரி மூணு மாசம் நான் நடிச்சேனே, அத நெனச்சுப் பாத்தீங்களா? தெனம் ரெண்டு தடவ குளியலறையில போயி சிரிச்சிட்டு வருவேன்."

"போகட்டும். இனிமே வசியமும் இல்ல, நடிப்பும் இல்ல. நான் இப்ப ஒரு பிஸ்கட்டு தின்னப் போறேன்."

"தாராளமாத் தின்னுங்க. யாரு வேணாம்னா?"

அவளே டப்பாவைத் திறந்து நீட்டினாள். அரசனைப்போல் ஒன்றை எடுத்தேன். நறுக்கிய காயை உள்ளே கொண்டுபோக அவள் எழுந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து தற்செயலாகக் குலுங்கியது.

பாதிப் பாத்திரம் தேய்த்து முடித்த பிறகுதான், அந்தப் பிஸ்கட்டை எங்கே வைத்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.