பச்சை ஸ்கார்ஃப் கட்டிய பெண்

சந்தேகப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. வீட்டைப் பூட்டிக் கீழே இறங்கிய பிறகு மறுபடி மேலே ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கீழே வந்ததும், இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று தோன்றும். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் குழந்தை பிறந்து, அதை அடுத்தவரிடம் விட்டுவிட்டு வேலைக்கும் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. (குற்றவாளியும் நானே.)

மகள் ஆதிரைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. புனேயின் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடியில் இருந்த என் அலுவலகத்தில், இந்த மாதம் வராவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்பதை மிக மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். புனேயில் எங்களுக்குச் சொந்தபந்தம் கிடையாது. பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளை இங்கே பாளணாகர் என்பார்கள். அக்கம்பக்கத்துப் பாளணாகர் எதிலும் இடமில்லை. ஒன்றில் மட்டும், ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதால் இடம் இருந்தது. அதை நடத்துபவள் ஸ்வாதி. கூடவே அவள் நாத்தனார் மேகா. ஸ்வாதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

திருநெல்வேலியிலிருந்து அம்மா ஃபோனில் பதறினாள்.

“ஏட்டி, காது கேக்காதவகிட்டயா பிள்ளைய விடப்போறே? அழுதா அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நாத்தனார் கூடவே இருக்காம்மா. அவளுக்குக் கேக்கும்.”

“நாத்தனாரை நம்பி நான் ஒருநாளும் இருந்ததில்ல, பாத்துக்கோ.”

அம்மா கேட்ட கேள்விதான் என் மனதிலும் இருந்தது. ஆனால் அதை ஸ்வாதியிடம் கேட்பது நாகரிகமில்லை என்று முடிவு செய்தேன். படித்த பெண் அப்படியெல்லாம் கேட்கலாமா? அதனால் முதல் சந்திப்பில் ஸ்வாதியை விட்டுவிட்டு, அவள் தலைக்கு மேலாக மேகாவிடம் கேட்டேன். “இவங்க சாயங்காலம் எத்தனை மணி வரை பார்த்துப்பாங்க?”

“எதிர்லதானே நிக்கிறா, அவளையே கேளுங்க. மெதுவா ஹிந்தியில பேசினா உதட்டைப் பார்த்தே பிடிச்சிடுவா” என்றாள் மேகா.

நான் ஸ்வாதியின் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். உடனே அவள் ஃபோனில் ஏதோ தட்டி என்னிடம் நீட்டினாள். ‘கத்தும்போது உங்கள் வாய் கோணுகிறது. சும்மா பேசுங்கள், படிக்கச் சுலபம்.’

வெட்கத்தில் பேச்சையே விட்டுவிட்டு அபிநயத்துக்கு மாறினேன். ஆதிரை அடிக்கடி பால் குடிப்பாள் என்பதைக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்வாதி கவலையோடு தட்டினாள்: ‘யார் குடிப்பது? அப்பாவா?’

அடுத்த வாரம் ஆதிரையைச் சேர்த்தோம். நல்லவேளையாக ஆரம்ப நாட்களுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. நிம்மதியாக வேலை பார்த்திருக்கலாம். நான் சோதனையில் இறங்கினேன். குழந்தையை விடப் போனபோது, ஸ்வாதி முதுகைக் காட்டி நின்ற சமயம் பார்த்து, கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவைக் கீழே போட்டேன். (தவறி விழுந்ததுபோலத்தான். நடிப்பில் நான் மோசமில்லை என்று அன்று நினைத்தேன்.) டப்பா அலறிக்கொண்டு உருண்டது. ஸ்வாதி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்!

வீட்டுக்கு ஓடி வந்து கணவரிடம் சொன்னேன். “என்னங்க, அவளுக்குக் காது கேக்குது!”

அவர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். “நல்லதுதானே?”

“என்ன நல்லது? அப்போ ஏன் கேக்காத மாதிரி நடிக்கணும்?”

“நேத்து வரைக்கும் காது கேக்கலயேன்னு பயந்தே. இன்னிக்குக் கேக்குதேன்னு பயப்படுதே. உனக்கு எதுதான் வேணும்? பாளணாகர் நடத்துறவ காது கேக்காத மாதிரி நடிச்சு என்னட்டி சம்பாதிக்கப் போறா?”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்.”

கண்டுபிடிக்க ஏற்ற ஊர் புனேதான். இங்கே ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களெல்லாம் தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டிக்கொள்வார்கள். வேறு ஊரில் இப்படி ஒருத்தி நின்றால் போலீஸ் வரும். இங்கே யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். நானும் என் பச்சை ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, தரைத்தளத்தில் இருந்த ஸ்வாதியின் வீட்டு ஜன்னலோரம், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டேன். இரண்டு நாள் நின்றேன். உள்ளே சந்தேகத்துக்குரியது எதுவும் நடக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆதிரை தூங்குவதைச் சாட்சியத்துக்கு ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று குறை வேறு கண்டுபிடித்தேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. மதியம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்வாதியின் செய்தி வந்தது. ‘எல்லோரும் கவனமாக இருங்கள். இரண்டு நாட்களாக முகத்தை மூடிய ஒரு பெண் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை நோட்டம் விடுகிறாள். ஃபோட்டோவும் எடுத்தாள். பச்சை ஸ்கார்ஃப். முடிந்தவர்கள் சீக்கிரம் வந்து குழந்தையை அழைத்துப் போங்கள்.’

பிள்ளை பிடிக்கிறவள்! அதுவும் இரண்டு நாளாக! நானும் அந்த இரண்டு நாளும் அங்கேதானே நின்றேன், என் கண்ணிலேயே படாமல் எங்கே ஒளிந்திருந்தாள், எவ்வளவு கைதேர்ந்தவளாக இருக்க வேண்டும்! கழுத்தில் தொங்கிய பச்சை ஸ்கார்ஃபை முகத்தில் சுற்றி இறுக முடிச்சுப் போட்டுக்கொண்டே இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலாளரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. நெரிசலில் ஸ்கூட்டரை எங்கெங்கோ நுழைத்து வந்து சேர்ந்தேன்.

கேட்டுக்குள் நுழைந்ததும், எல்லோரும் காகா என்று கூப்பிடும் வயதான வாட்ச்மேன் கம்போடு பாய்ந்து வந்தார். “சாபடலி! சாபடலி!” (மராட்டியில் ‘மாட்டிக்கிட்டா’ என்று அர்த்தம். அன்று தெரியாது, இன்று தூக்கத்திலும் தெரியும்.) ஸ்கூட்டர் சாவியை உருவிக்கொண்டார். பிள்ளைகளை அழைக்க வந்திருந்த அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், அவளைப் பிடித்துவிட்டார்களாக்கும் என்று. பின்னால் யாருமே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஸ்கார்ஃப் முடிச்சு வரவில்லை. பதற்றத்தில் ஹிந்தி, ஆங்கிலம் எல்லாம் மறந்துபோய், “எம்பிள்ளை உள்ள இருக்கு! நான் அவ அம்மா!” என்று துணிக்குள்ளிருந்து தமிழில் கூச்சலிட்டேன். பிள்ளை பிடிக்கிறவள் வெளியூர்க்காரி என்பது அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

ஸ்வாதி வெளியே வந்தாள். இடுப்பில் ஆதிரை. நான் அவளைப் பார்த்தும் கூச்சலிட்டேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் வாயைத் தொட்டுக் காட்டி, பிறகு என் ஸ்கார்ஃபைக் காட்டினாள். முகத்தை மூடிக்கொண்டு அவளிடம் பேசுவதும் பேசாததும் ஒன்று என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. முடிச்சோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஸ்கார்ஃபை அப்படியே கழுத்துக்கு இழுத்து இறக்கினேன். முகம் தெரிந்ததும் ஆதிரை கைகொட்டிச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஸ்வாதியின் ஒரு கை வேகமாகப் பேசியது. மேகா அதைச் சொன்னாள். “ரெண்டு நாளா ஜன்னல் பக்கம் பிள்ளைங்களை விடல. போலீஸுக்குப் போக இருந்தேன்.”

“அவங்ககிட்ட ஸாரின்னு சொல்லுங்க” என்றேன் மேகாவிடம்.

“நான் வெறும் ஸ்பீக்கர். ஆள் அங்கே நிக்கிறா.”

ஸ்வாதியின் முகத்தைப் பார்த்தேன். இனி இங்கே இடமில்லை என்று அவள் சொன்னால் வேலை போய்விடும். அதைவிட, ஆதிரை அவள் தோளைப் பிடித்திருந்த பிடி என்னை என்னவோ செய்தது. கத்தாமல், மெதுவாக, “மன்னிச்சிருங்க” என்றேன்.

ஸ்வாதியின் கை மறுபடி பேச, மேகா சொன்னாள். “எல்லா அம்மாவும் முதல் நாளே என் மூஞ்சிக்கு நேரா கேட்பாங்க, ‘பிள்ளை அழுதா உனக்கு எப்படித் தெரியும்’னு. நீங்க மட்டும்தான் கேக்கல. ரொம்ப நாகரிகமானவங்கன்னு நினைச்சேன்.”

“இப்போ கேக்கலாமா?”

ஸ்வாதி முறைத்தாள். பிறகு ஆதிரையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைகளை விடுவித்துக்கொண்டாள். “கண்ணாடியில அறை முழுக்கத் தெரியும். ஜன்னலும் தெரியும். நான் பார்க்காதப்போ மேகா பார்ப்பா, மேகா இல்லாதப்போ நான் கண்ணை எடுக்க மாட்டேன். அன்னிக்கு நீங்க டப்பாவைப் போட்டீங்களே...”

“தவறி விழுந்தது” என்றேன்.

“போட்டீங்க. எல்லாப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல என் பின்னால பார்த்தாங்க. நான் அவங்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அதனால திரும்பினேன்.”

“ஆதிரை நாளைக்கு வரலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

மேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “ஆதிரையை அவளுக்குப் பிடிச்சிருக்கு. உங்களைப் பத்தி இன்னும் முடிவு பண்ணலயாம். ஒரு வாரம் காலையில வந்து உள்ளே உட்காரணும், பிள்ளைங்க மூக்கைத் துடைக்கணும். அவ கண்ணுக்குத் தெரியற இடத்துல.”

அன்று மாலையே குழுவில் செய்தி வந்தது. ‘பச்சை ஸ்கார்ஃப் பிடிபட்டது. ஆதிரையின் அம்மாதான். ஆபத்தில்லாதவர்.’

ஒரு வாரம் மூக்குத் துடைத்தேன். சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் அவரவர் அடையாளத்தை வைத்து ஒரு பெயர் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மேகாவுக்குக் கன்னத்துக் குழி. எனக்கு, உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மூடிக் கண்ணை மட்டும் அகல விழிப்பது. ஸ்வாதி சூட்டியது. ‘அம்மா’ என்று வாயால் சொல்வதற்கு முன்பே ஆதிரை அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளும் ஸ்வாதியும் கைகளால் பேசிச் சிரிக்கும்போது, என்னைப் பற்றித்தானோ என்று எனக்குச் சந்தேகம் வரும். இப்போதெல்லாம் நேராகவே கேட்டுவிடுகிறேன். ‘ஆமாம்’ என்பாள் ஸ்வாதி.

நான் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பினால், கணவர் படிக்கட்டிலேயே நின்று மூக்கை மூடி விழிப்பார். வீடியோ காலில் அம்மாவும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அந்த வருடம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பெரியம்மா ஆதிரையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே, “உங்க அம்மா யாரு? காட்டு பாப்போம்” என்றாள். ஆதிரை என்னைப் பார்த்து, மூக்கையும் வாயையும் பொத்திக் கண்ணை உருட்டினாள்.

பெரியம்மா சட்டென்று அவளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தாள். “ஏட்டி, பிள்ளை போயிருக்கா போலிருக்கு! நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்துதா, வந்து வாங்கிட்டுப் போ!”

நடந்ததை அத்தனை பேர் முன்னால் விளக்குவதைவிட வேறு வழி சுலபமாகத் தெரிந்தது. ஆதிரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஈரம்கூட இல்லாத டயப்பரை மாற்றிவிட்டு வந்தேன்.