கோதுமைக் கப்பலுக்குப் பதினான்கு பலகைகள்

எங்கள் கப்பல் துறையில் பலகை வைக்காமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை. பலகை என்றால் ‘செய்யாதே’ பலகை. ‘செய்’ என்று எழுதிய பலகையை, ராயபுரத்திலேயே பிறந்து மூட்டை தூக்கும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அர்ஜெண்டைனாவிலிருந்து கோதுமைக் கப்பல் வருவதாகத் தந்தி வந்தது. மாலுமிகளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாதாம். கப்பல் ஒழுங்கு இலாகாவின் பெரிய அதிகாரி வால்டர் துரை ஆடிப்போனார். நம் பலகையைப் படிக்கத் தெரியாதவன் நம் மண்ணில் கால் வைத்தால் ராஜ்யம் என்னாவது? தற்காலிக குமாஸ்தா ஞானத்தைக் கூப்பிட்டு, ஸ்பானிஷில் தடை உத்தரவு தயார் செய்தால் வேலை நிரந்தரம் என்றார்.

ஞானம் லேசுப்பட்ட ஆளில்லை. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தைப் பிடித்து, மூன்றே நாளில் குறிப்பு சமர்ப்பித்தார். ‘ஆர்’ என்று முடியும் வினையின் வாலை வெட்டி ‘ஏ’ ஒட்ட வேண்டியது. ‘ஏர்’, ‘இர்’ என்று முடிந்தால் ‘ஆ’ ஒட்ட வேண்டியது. முன்னால் ஒரு ‘நோ’. தீர்ந்தது. ஃபூமார் என்றால் புகைப்பது, நோ ஃபூமே. சூபிர் என்றால் ஏறுவது, நோ சூபா. ஆப்ரிர் என்றால் திறப்பது, நோ ஆப்ரா. மனுஷனைத் தடுக்க இவ்வளவு சுலபமான பாஷை இருக்க, இத்தனை நாள் இங்கிலீஷோடு மாரடித்தோமே என்று துரை வருத்தப்பட்டார். பதினான்கு பலகைகள் நட்டார்கள்.

கப்பல் வந்தது. காப்டன் பலகைகளை ஒன்று விடாமல் படித்தார், தொப்பியைக் கழற்றி வணங்கினார், அவ்வளவுதான். யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை, சரக்கறை மூடியைத் திறக்கவில்லை.

மேஸ்திரி கமாலுதீனோடு சேர்த்து எங்கள் கும்பலில் அறுபது பேர். மூட்டை இறக்காத நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கமாலுதீன் ஐந்து நாள் பொறுத்தார். ஆறாம் நாள் ஆபீசுக்குப் போனார்.

“கப்பல் சும்மா நின்னுகினு கீது சார். மூடிய தொறக்கச் சொல்லு. வூட்ல கொயந்தைங்க பட்டினி.”

ஞானம் கோப்பைப் புரட்டினார். “மஞ்சூரானது தடை உத்தரவு மட்டும்தான். ‘திற’ என்பதற்குத் தனி விண்ணப்பம் வேணும்.”

இதுவரை வந்த கப்பல்களிலேயே ஒரு குற்றமும் செய்யாத கப்பல் இதுதான், அதைப் போய்க் கெடுக்கப் பார்க்கிறாயே என்று துரை கடிந்துகொண்டார்.

கமாலுதீன் நேரே துறைக்கு வந்தார். காப்டனைப் பார்த்துத் தன் வயிற்றைத் தட்டினார், மூடியைக் காட்டினார், இரண்டு கையாலும் தூக்குவதுபோல் காட்டினார். காப்டன் சிரித்தார். கால் மணியில் மூடி திறந்தது. அன்றைக்கு நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் விசாரணை. அனுமதியற்ற முறையில் அந்நிய தேசத்தாருடன் உரையாடிய குற்றத்துக்காகக் கமாலுதீனின் துறைக்குள் நுழையும் வில்லையைப் பிடுங்கி, கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். ஞானத்துக்கு வேலை நிரந்தரமாயிற்று. துறையில் பதினைந்தாவது பலகை முளைத்தது, சுத்தத் தமிழில்: ‘கை காட்டாதே.’

அடுத்த மாதம் இன்னொரு கோதுமைக் கப்பல். அந்தக் காப்டன் மூடியைக் காட்டி, திறக்கட்டுமா என்று எங்களைக் கையாலேயே கேட்டார். வெளிக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கமாலுதீன் உள்ளே பார்த்துச் சொன்னார்: “இன்னா நைனா, ஒருத்தனாவது கையத் தூக்குங்களேன்.”

நாங்கள் ஐம்பத்தொன்பது பேரும் பலகையைப் படித்தோம். படிக்கத் தெரியாதவனுக்குத் தெரிந்தவன் படித்துச் சொன்னான். பிறகு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டோம். நானும்தான். வால்டர் துரை முதல் தடவையாக எங்களைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார். அன்றைக்கு ஒருத்தன் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.