கரண்டிவாயனும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டும்

சிங்கப்பூர்க்காரன் எதையும் பொறுத்துக்கொள்வான், அவன் வைத்த டிஷ்யூ பாக்கெட்டை யாராவது தொட்டால் மட்டும் பொறுக்க மாட்டான். உணவங்காடியில் காலி மேசைமேல் ஒரு பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் இது இல்லை, ஆனால் ஊரே கட்டுப்படும். அதை மீறிய ஒருவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை. (தப்பு என்னுடையது என்பது வேறு விஷயம்.)

என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பறவை பார்ப்பதென்றால் உயிர். டிசம்பரில் எங்கெங்கோ உள்ள பனிக்குப் பயந்து பறவைகள் இங்கே வந்து இறங்கும். நம் ஊர்க் குளிர்காலம் வெறும் மழைதான், அவற்றுக்கு அது போதும் போல. அதில் கரண்டிவாயன் என்று ஒன்று. வெள்ளை உடம்பு, நிஜமாகவே கரண்டி மாதிரி அலகு. எப்போதாவதுதான் தலைகாட்டும். நான்கு வருடமாக ஸ்டெல்லா போகிற நாளில் அது வராது, அவள் வேலைக்குப் போன நாளில் வந்துவிட்டுப் போகும். அந்த வருடம் அது வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்ததும், தான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கினாள். மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் ஒத்திகை, அப்புறம் லீவு கிடையாது. அந்த ஒரே நாளுக்குத் துணையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாளே, அந்தப் புத்தியை என்ன சொல்ல.

ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டோம். பறவைகளுக்குத் தெரியாமல் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு மரக்குடில் உண்டு. ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தேன். (என் வாழ்நாள் சாதனை.) பிறகு ஸ்டெல்லா கழிவறைக்குக் கிளம்பினாள்.

"எடத்த விட்டு நகராதீங்க," என்று கிசுகிசுத்தாள். "அதவிட முக்கியம், வாயத் தொறக்காதீங்க."

அவள் போனதும் பசித்தது. உள்ளே சாப்பிடக் கூடாது. பெஞ்சில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வெளியே நின்று, பையிலிருந்த உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் ஒன்றைச் சாப்பிட்டேன். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்தால் ஸ்டெல்லாவின் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, என் டிஷ்யூவையே உருவி, பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ சார், அது எங்க எடம் லா. டிஷ்யூ வச்சிருக்குல்ல?"

"இதுங்களா? யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேனுங்க. ஈரமா இருந்துச்சு, தொடச்சேன். நீங்க உக்காருங்க." உடனே எழுந்தும் விட்டார். கோயம்புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து மூன்றே வாரம்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் அவ்வளவு மரியாதையாகப் பேசியதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊர் ஒழுங்கு என்ன, வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டிக் கேட்கக் கேட்க என் குரல் ஏறியது. கடைசியில் மரச்சுவரில் ஓங்கி ஒரு அடி வேறு.

சேற்றிலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஜன்னலுக்கு நேர் கீழே, இவ்வளவு நேரம் செடி மறைவில் நின்றிருந்த ஒன்றும் எழுந்தது. பெரிய வெள்ளைப் பறவை. காக்கைக்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரியாத நான் அதன் கரண்டி அலகை முழுசாகப் பார்த்தேன். குடிலில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா வாசலில் நின்றாள். அவள் தொலைநோக்கியை உயர்த்தியபோது மரங்களுக்கு மேல் வெறும் வானம்தான் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்களாவது பாத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"கரண்டி மாதிரியே இருந்துச்சா?"

அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு டிசம்பரும், அன்றே ஸ்டெல்லாவோடு பழக்கமாகிவிட்ட அந்தக் கோயம்புத்தூர்க்காரரும் அவர் மனைவியும் ஸ்டெல்லாவும் சேர்ந்து போகிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. கரண்டிவாயன் அவர்கள் கண்ணில் இன்னும் படவில்லை. எங்கள் குடும்பத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது. கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணி பரிமாறும் மகள் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, இப்படியா இருந்துச்சு?" என்பாள். மேசையே சிரிக்கும். ஸ்டெல்லாவும் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.