அரை டேங்க் பெட்ரோலும் மஞ்சள் தொப்பிகளும்

நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மூளை லீவு போட்டுவிடும். எண்பதுகளின் கடைசியில் என் மூளை ஒரு நாள் முழுக்க லீவில் இருந்தது.

மலேசியாவின் ஜோகூர்க் கரையோரத்தில் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் மீன்பிடி ஊர் ஒன்று. அவர்களுடைய சதுப்பு நிலத்தில் எண்ணெய் தோண்ட ஒரு கம்பெனி வந்தது. கைநாட்டு வைத்தால் டீசல் ஜெனரேட்டர் இலவசமாம். இருட்டில் கிடக்கும் ஊருக்கு ஆசை வராதா? நிலம் போனால் மீனும் போகும் என்று பெண்கள் மட்டும் அடம்பிடித்தார்கள். ஜெனரேட்டர் வந்து இறங்குவதற்குள் சூரிய விளக்கு எரிந்துவிட வேண்டும் என்று, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் மாதா கோயில் பெண்கள் பலகாரம் விற்றுச் சூரியத் தகடும் பேட்டரியும் விளக்கும் வாங்கினோம். கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. (சத்தமாகப் பேசுகிறவள் தலையில்தான் எல்லா வேலையும் விழும்.)

வேன் ஓட்டியவர் என் கணவர் சூசை.

"பேட்டரிய வீட்டுலயே சார்ஜ் போட்டுடலாம் ரெஜினா. டேங்க்கையும் நிரப்பிடுறேன்."

"வீட்டுக் கரண்டும் எண்ணெய எரிச்சுத்தான் வருது. அவனுங்களுக்கு ஒரு காசு கூடத் தர மாட்டேன்."

ஜோகூரில் மலிவாகப் பெட்ரோல் போடக்கூடாது என்பதற்காக, பாதி டேங்க் இல்லாத சிங்கப்பூர் வண்டியைப் பாலம் தாண்ட விடுவதில்லை. அப்போதுதான் வந்த சட்டம். எனக்கும் தெரியும். நல்ல காரியத்துக்குப் போகிறவளை யார் நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஒரு தமிழ்ப் பையன் நிறுத்தினான்.

"டேங்க் பத்தாதுலா அக்கா. திரும்பிப் போங்க."

"எண்ணெய்க் கம்பெனிய எதிர்த்துப் போறோம் தம்பி. எண்ணெய் போட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"எதிர்த்துப் போங்க அக்கா. பாதி டேங்க்கோட எதிர்த்துப் போங்க."

திரும்பினோம். முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் நிலையம் அதே கம்பெனியுடையது. வயிறு எரிந்தது. டேங்க்கை நிரப்பினால் தொப்பி இலவசம் என்றார்கள். வயிறு எரிந்தபடியே, ஒன்று கொடுத்தவனிடம் சண்டை போட்டு இரண்டாக வாங்கினேன். மஞ்சள் நிறம், முன்னால் பெரிதாகக் கம்பெனிச் சின்னம். பாலத்தில் ஊர்ந்த வண்டிகளுக்கு நடுவே வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் போட்டுக்கொண்டோம்.

அப்படியே போய் அந்த ஊரில் சூரியத் தகட்டுப் பெட்டியை இறக்கினோம். ஜெனரேட்டரோடு கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பெண்கள் துடுப்பும் வாளியுமாக ஓடி வந்தார்கள். மீன் கழுவிய தண்ணீர் என் முகத்தில் விழுந்தது. சூசை "புக்கான், புக்கான்" என்று அலறினார். (மலாய் மொழியில் 'அல்ல, அல்ல'.) ஊர்த் தலைவர் கேட்டார்:

"கம்பெனி இல்லன்னா எதுக்கு அந்தத் தொப்பி?"

"இலவசமாக் கொடுத்தாங்க" என்றேன்.

தொப்பியைக் கழற்றிப் புரியவைப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. பேட்டரியில் சொட்டு கரண்ட் இல்லை. விளக்கு எரியவில்லை. தலை குனிந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து நிஜக் கம்பெனி ஜீப் ஜெனரேட்டரோடு வந்தது. பெண்களுக்குக் கை பழகியிருந்தது. ஜீப்பிலிருந்து ஒருவனும் கால் கீழே வைக்கவில்லை.

மறுநாள் வெயிலில் சார்ஜ் ஏறி, இரவு விளக்கு எரிந்தது. அதை யாரும் பேசுவதில்லை. இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் சூசை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "என் சம்சாரம் ரெஜினா. எண்ணெய்க் கம்பெனிய விரட்டுறதுக்கு ஒரு ஊருக்கே ஒத்திகை கொடுத்தவ."