என்ட வாசலுக்கு வந்து சேந்த வாங்கு

அண்டைக்கு எனக்கிருந்த வேல ஒண்டே ஒண்டுதான். ஒழுங்கை ஆக்கள் குந்தி இருந்து கதைக்கிறதுக்கு ஒரு சீமெந்து வாங்கு. அத எங்க கட்டுறதெண்டு ஊடூடாப் போய்க் கேக்கணும்.

எம்பதுகள்ட தொடக்கம் அது. கல்முனைச் சந்தைக்கு நெல்லேத்திப் போற உழவு மெசினெல்லாம் குறுக்கு வழியெண்டு எங்கட ஒடுக்கமான ஒழுங்கைக்குள்ளதான் பாயும். புள்ளைகள் விளையாட ஏலா. பொம்புளைகள் நிண்டு ஒரு வார்த்த கதைக்க ஏலா.

"ஒழுங்கை மெசினுக்கில்ல, மனிசருக்கு!" எண்டு ஒழுங்கை ஆக்கள்ட கூட்டத்தில முழங்கினன்.

எல்லாரும் கை தட்டினாங்க. தட்டின கையோட பொறுப்பையும் என்ட தலையில கட்டிட்டாங்க!

முதல்ல ரெண்டு முனையிலயும் தென்னங்குத்தி நட்டம். சைக்கிள் போகும், மெசின் போகாது. அல்ஹம்துலில்லாஹ், ஒழுங்கை அடங்கிட்டு.

அடுத்தது இந்த வாங்கு.

பக்கத்து ஊட்டு லெவ்வைக் காக்கா சந்தோஷப்பட்டார். "மாஷா அல்லாஹ், கட்டாயம் வேணும் தம்பி! ஆனா என்ட வாசல்ல வேணாம். கலியாணமாகாத கொமருகள் இரிக்கிற வளவு."

எதிரூட்டு ஆசியா ராத்தா, "அங்கால கட்டுங்க தம்பி" எண்டா.

அங்கால ஊட்டு நாகூரான், "இங்கால கட்டு மச்சான்" எண்டான்.

அங்காலயும் இங்காலயும் தள்ளுப்பட்டு, வாங்கு வந்து நிண்ட இடம் என்ட வாசல்!

என்ட பொண்டாட்டி ஹபீபா கேட்டா: "ஊரே வேணாமெண்ட சாமான் நம்மட வாசலுக்கா?"

"இது பொதுச்சேவ புள்ள."

"அப்ப நீங்களே போய் அதில படுங்க."

படுக்க எங்க இடம்? பின்னேரம் அசருக்கு வந்து குந்தின ஆம்புளைகள் ராவைக்கு இஷாத் தொழுகைக்குத்தான் எழும்புவாங்க. நான் மீனோட வந்தா பைய எட்டிப் பாப்பாங்க. "என்ன தம்பி, இண்டைக்கும் சூடையா?"

பிறகு ஒரு நாள் நாவிதன்வெளி வயலில இருந்து என்ட நெல்லு வந்திச்சு. ஒழுங்கை முனை வரைக்குந்தான் வந்திச்சு.

மெசின்காரன் குத்தியப் பாத்தான். "இத நட்ட மடையன் ஆரு?"

"தெரியா" எண்டன்.

மூட்டையெல்லாத்தையும் முனையில இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். வானம் கறுத்திட்டு. நான் தனியாச் சுமக்கிறன். வாங்கில இருந்தவங்களும் சும்மா இருக்கல்ல, புத்தி சொன்னாங்க.

"முதுக நிமித்துங்க தம்பி!"

"மழ வரப்போகுது, கெதியாக் கெதியா!"

மழ வந்திச்சு. எல்லாரும் ஒண்டா எழும்பினாங்க. உதவிக்கு வாறாங்கெண்டு எனக்குக் கண் கலங்கிட்டு. அவங்க ஊட்டுக்கு ஓடிட்டாங்க! ஹபீபாவும் ஆசியா ராத்தாவுந்தான் நெல்ல மூடப் படங்கு ஒண்டத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. அதுக்குள்ள பாதி நெல்லு நனஞ்சிட்டு.

அடுத்த நாள் நல்ல வெயில். நனஞ்ச நெல்ல ஒழுங்கை நீளத்துக்கும் பரப்பிப் போட்டுட்டு, கம்போட வாங்கில குந்தினன். புள்ளைகள் பந்தோட வந்தாங்க.

"போங்கடா ஊட்டுக்கு! இது விளையாடுற இடமா?" எண்டு கத்தினது வேற ஆருமில்ல, நான்தான்.

ஒழுங்கையத் திருத்தப் போறவன், முதல்ல தன்ட நெல்ல ஊட்டுக்குள்ள ஏத்திப் போட்டுட்டுத் திருத்தணும்.