எலெக்ட்ரானும் என் மகளும் கிளம்பும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இதைப் படித்து முடித்த பிறகும் நீ நலமாகவே இருப்பாய் என்று நம்புகிறேன்.

என் மகளுக்கு வெளியூர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து ஒரு மாதமாகிறது, இன்னும் கிளம்பியபாடில்லை. எதிர்வீட்டுப் பையன் வேலை கிடைத்த மறுநாளே போய்விட்டான். இவள் கிளம்பும் நேரம் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பிறகு குளியலறைக் குழாய் ஒழுகியது, அதை நானே சரிசெய்ததில் அவளுடைய சான்றிதழ்களைக் கொடியில் காயப்போட வேண்டியதாயிற்று. இப்போது அவள் பெட்டியின் சக்கரம் ஒன்றைக் காணோம். திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அலுவலகத்தில் தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டவன் நான், எனக்கு இப்படி ஒரு மகள்.

இப்போது உள்ளூர் ஆய்வுக்கூடத்தில் அவள் பார்க்கும் வேலையும் அப்படித்தான். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனவன், வீட்டில் சாத்துவதுபோல் அங்கும் கதவைச் சாத்தினேன். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடிகள் அதிர்ந்து, காலையிலிருந்து அளந்ததெல்லாம் வீண். அவளுடைய மேலதிகாரி மரியாதை தெரிந்தவர், எனக்கு நாற்காலி போட்டார், வெளியே.

"அப்படி என்னத்தம்மா அளக்கறீங்க?"

"மூலக்கூறு மேல வெளிச்சம் பட்டா எலெக்ட்ரான் வெளிய வரும்ல, அது எவ்வளவு லேட்டா வருதுன்னு அளக்கறோம்ப்பா."

ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கி, அதிலொன்றை மறுபடி கோடியாக்கி, அதிலும் ஒன்றைப் பத்தாயிரமாக்கினால் வருமே, அந்தக் கணக்கில் தாமதமாம். இதற்குச் சிவப்பு மையைத் தொடுவதா?

"வெளிச்சம்தான் போன்னு சொல்லிடுச்சே, அப்புறம் என்ன தயக்கம்?"

"அது தயங்கலப்பா. கிளம்புற இடம் பிடிச்சு இழுக்குது. எந்தப் பக்கமா வெளிய போகுதோ, அதைப் பொறுத்து கூடக் குறைய ஆகும்."

இதைச் சொல்லும்போது என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை, அக்கா. நீ அடுத்த பஸ்ஸிலேயே வந்து அவளைக் கிளப்பிவிடு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, நேரத்தோடு எழுந்தால்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: சக்கரம் கிடைத்துவிட்டது. என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, வைத்ததும் நான்தான். அவள் போய்விட்டால், நான் கதவை எப்படிச் சாத்தினாலும் ஏன் என்று கேட்க இந்த வீட்டில் ஆளிருக்காது. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. திங்கட்கிழமைதானே சேர வேண்டும், நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.