ஜெர்மனி வைத்தியத்துக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

படித்தவன் செய்கிற தப்பில் ஒரு சுத்தம் இருக்கும். அளந்து செய்வான், யோசித்துச் செய்வான், பிடிபட்டால் யார் தலையில் கட்டலாம் என்பது வரைக்கும் தயாராக இருப்பான். இதை நான் யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. மேற்கு ஜெர்மனியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அரிமளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அதுவரை கப்பலேறியவர்கள் எல்லோரும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள்தான். அதனால் இரண்டு வருஷம் கழித்து விடுமுறையில் வந்தபோது, சித்திரை மாத வெயிலில், கம்பளிக் கோட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். (கோட்டைக் கழற்றிவிட்டால் நான் எங்கிருந்து வருகிறேன் என்று யாருக்குத் தெரியும்?) வீடு வருவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டி, வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டேன்.

ஜெர்மனிக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பு எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சௌந்தரம் இரண்டு வருஷமாகத் திருவரங்குளத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். இந்த முறை அவளையும் அழைத்துப் போவதாகப் பேச்சு.

வந்த பத்தாம் நாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த நாட்டு அரசாங்கச் சட்டப்படி ஒரு வைத்தியக் காப்பீடு உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நோய் வந்தால் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறைந்த சம்பளக்காரர்கள் கட்டாயம் சேர வேண்டும். எனக்குச் சம்பளம் உயர்ந்து அந்த வரம்பைத் தாண்டியிருந்ததால் சேருவதும் விடுவதும் என் இஷ்டம். சேர்ந்தால், கூட வந்து இருக்கும் மனைவிக்கும் அதிலேயே வைத்தியம். குறித்த தேதிக்குள் விண்ணப்பப் பாரத்தை நிரப்பி அனுப்பாவிட்டால் பிறகு சேர முடியாது.

மாமியாரோடும் சௌந்தரத்தோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மாமனார் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மார்கழி வந்தால் மூச்சு வாங்கும்.

“மாப்ள, அது பனி கொட்டுற ஊருங்கிறீங்க. அந்தச் சர்க்காரு வைத்தியத்துல சேந்தா எம் புள்ளைய அனுப்புறேன். இல்லன்னா அது இங்கிட்டே இருக்கட்டும்” என்றார்.

என் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “வராத சீக்குக்கு மாசாமாசம் காசு கட்டுறதா? அது சீக்கை வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரியில்ல இருக்கு!” என்றார்.

இரண்டு சம்பந்திகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தீவிரமாக யோசிப்பவன்போல் கூரையைப் பார்த்தேன்.

என் மனதில் இருந்ததை இப்போதாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு அவளை அழைத்துப் போக விருப்பமில்லை. அங்கே தனி அறை, சனிக்கிழமை நடனம், கேள்வி கேட்க ஆளில்லாத வாழ்க்கை. கூட வேலை செய்த நண்பர்களிடம் எனக்குக் கல்யாணம் ஆனதையே சொல்லவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு வரும் ஒரு பெண்ணை அவர்கள் நடுவில் நிறுத்துவதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் ஒரு மூன்று வருஷம் அவள் இங்கேயே இருந்தால் நல்லது. ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னதாக இருக்கக் கூடாது. மாமனார் தன் வாயாலேயே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தார்.

நாலு நாள் இழுபறிக்குப் பிறகு மாமியார்தான் சொன்னார்: “எதுக்குச் சண்டை? அய்யனாரு கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்.”

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் காப்பீட்டில் சேருவது, சௌந்தரத்தை அனுப்புவது. சிவப்பு வந்தால் இரண்டும் இல்லை.

நான் முதலில் மூடநம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாதியிலேயே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பிரசங்கத்தை நிறுத்தி, “சரி, பெரியவங்க மனசு நோகக் கூடாது. ஆனா பொட்டலத்தை நான்தான் கட்டுவேன். ஒரே அளவு இலை, ஒரே மாதிரி முடிச்சு. அப்பத்தான் பாரபட்சம் இருக்காது” என்றேன்.

“படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்று மாமியார் பூரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி என் கையில் ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் கொடுத்தார். எது எந்தப் பொட்டலம் என்று யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லி, நான் மண்குதிரைக்குப் பின்னால் போனேன். அங்கேயே ஓர் அரளிச் செடி நின்றது. இன்னொரு சிவப்புப் பூவைப் பறித்து, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்து வாழைநாரால் கட்டினேன். வெள்ளைப் பூவைக் கோட்டுப் பையில் திணித்தேன். (ஆமாம், கோயிலுக்கும் கோட்டுதான்.)

“போகப் போறது அதுதானே, அதுவே எடுக்கட்டும்” என்றார் பூசாரி. சௌந்தரம் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

அவள் அழவில்லை. இலையைத் திரும்ப மடித்து, கலைந்துவிடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நான் பெருமூச்சு விட்டேன். நன்றாகவே விட்டேன் என்று நினைக்கிறேன். அப்பாவே என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அப்போது மாமியார், “சரி, சாமி சொன்னா சொன்னதுதான். அந்த வெள்ளைப் பூவையாச்சும் எடுங்க, எம் புள்ள தலையில சொருகி விடுறேன்” என்றார்.

பாய்ந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.

“வேணாம் அத்தை. ஆகாது. இதை ஆத்துல விடணும்.”

“இங்கிட்டு ஏது மாப்ள ஆறு?” என்றார் மாமனார்.

“கம்மாயில விடலாம்.”

“சித்திரையில கம்மாயில ஏது தண்ணி? பயலுக கிரிக்கெட்டு வெளையாண்டுக்கிட்டு இருக்கானுக.”

மாமியார் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மாமியார் கேட்டதைக் கொடுக்காமல் மல்லுக்கட்ட எந்த மருமகனால் முடியும்? வாங்கிப் பிரித்தார். முடிச்சு அவிழவில்லை, இன்ஜினியர் போட்ட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். சிவப்பு அரளி மணலில் விழுந்தது.

நான் அப்போது செய்த காரியத்துக்கு இன்றைக்கும் என்னை மன்னிக்க முடியவில்லை. பூசாரியைத் திரும்பிப் பார்த்து, “என்னங்க நீங்க, ரெண்டும் செவப்பாவா குடுத்தீங்க?” என்றேன்.

எழுபது வயது மனிதர் அவர். சாமி பக்கம் கையை நீட்டினார். “அய்யனாரு சத்தியமா ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்புங்க தம்பி. எங் கையால குடுத்தேனே...”

எனக்கு வியர்த்துக் கொட்டியது. துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். அதோடு ஒட்டிக்கொண்டு நந்தியாவட்டை வெளியே வந்து என் காலடியிலேயே விழுந்தது.

“மாப்ள,” என்றார் மாமனார் நிதானமாக, “ஜெர்மனிக்காரன் ரெண்டு வருசமா இதைத்தான் சொல்லிக் குடுத்தானா?”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காசு புடிப்பாங்கன்னு பயந்து சாமியையே ஏமாத்துறியா? இம்புட்டுக் கஞ்சப்பயலா நீ?” என்றார்.

நான் தலையைக் குனிந்து நின்றேன். கஞ்சன் என்ற பழி என்னைக் காப்பாற்றியது. உண்மையை விட அது எவ்வளவோ மேல் என்று அந்த நேரத்திலும் என் மூளை கணக்குப் போட்டது.

சௌந்தரம்தான் பேசினாள். “பூசாரிகிட்ட மன்னிப்புக் கேளுங்க.” கேட்டேன். “வீட்டுக்குப் போயி அந்தப் பாரத்தை எடுங்க.” எடுத்தேன்.

எல்லோரும் சுற்றி உட்கார, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் அவளுக்குச் சொல்லி எழுதினேன். மனைவிக்கு ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி. பேனா நின்றது. இல்லையென்று எழுதிவிடு என்றார் அப்பா.

“இளைப்பு இருக்குன்னே எழுதுங்க. எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல” என்றாள் சௌந்தரம். எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

சேர்த்துக்கொண்டார்கள். இருவரும் போனோம். முதல் குளிர்காலத்தில் இளைப்பு ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தது நான். உறைந்த பனியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஏழு வாரம். அத்தனை செலவும் நான் வேண்டாம் என்று நினைத்த காப்பீட்டில்தான் போயிற்று. சௌந்தரம் தினமும் டிராமில் வந்து ரசஞ்சோறு ஊட்டிவிட்டுப் போவாள்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் ஓயவேயில்லை. காது குத்தோ கல்யாணமோ, நாலு பேர் கூடினால் யாராவது ஆரம்பிப்பார்கள். “மாமா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கோட்டுப் பையைச் சோதிங்கப்பா” என்பார் என் மருமகன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். கஞ்சன் என்று சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

போன மாதம் மகள் தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “காசுக்காகச் சாமியையே ஏமாத்தினவரு ஒங்க தாத்தா” என்று முடித்தாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சௌந்தரம் தலை நிமிராமல், “காசுக்காக இல்ல” என்றாள்.

“பின்னே எதுக்கும்மா?”

“அவுக கால் முறிஞ்சு கெடந்தப்ப ஒரு கூட்டாளி பாக்க வந்தான். என்னைக் காட்டி, ‘ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா, சொல்லவேயில்லையே’ன்னு கேட்டான். அந்தப் பாஷை எனக்குத் தெரியாதுன்னு இவுக நெனச்சுக்கிட்டாக. நான்தான் கீழ்வீட்டு அம்மாகிட்ட நாலு மாசமாப் படிச்சுக்கிட்டு இருந்தேனே.”

மகள் என்னைப் பார்த்தாள். சௌந்தரம் காம்புகளை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மத்தியானமும் எனக்குச் சோறு போட்டு, ரசம் போதுமா என்று கேட்டாள்.